காப்பு கட்டிய கை

அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து, முழங்கையை மடக்கிப் பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது ஆளான மணியனிடம் மட்டும் பஞ்சு இல்லை. அவனுடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறும், அதில் முடிந்த விரலி மஞ்சளும் இருந்தன. மாரியம்மன் காப்பு. போன வாரம் கட்டியது. வருகிற வியாழக்கிழமை அவன் தீக்குண்டத்தில் இறங்கிப் பூ மிதிக்க வேண்டும்.

எதிரே மற்ற ஏழு வண்டிகளோடு வேப்பமரத்தடியில் அவன் ஓட்டி வந்த முட்டை லாரி நின்றது. மரத்து நிழல் முன் சக்கரத்தைத் தாண்டி வரவில்லை. பங்குனி வெயிலில் தார்ப்பாய்க்குள் முட்டைகள் வெந்துகொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். சாவி சப்-இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையில் இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோழிப்பண்ணைக்காரர். எடுத்து என்ன சொல்வது? குடித்துவிட்டு ஓட்டினேன் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றா? அவன் எடுக்கவில்லை.

"கடுக்குன்னு எறும்பு கடிச்சாப்பலதான் இருக்குது சாமி. பயப்படாத" என்றார் பக்கத்தில் இருந்த தீர்த்தகிரி. ஓமலூர்ப் பக்கத்துக் கிழவர். டி.வி.எஸ். வண்டியில் முருங்கைக்காய்க் கட்டோடு செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்குப் போகிற வழியில் மாட்டியவர்.

"பயமில்லீங்க. காப்புக் கட்டியிருக்கறனே."

"அதுஞ்செரி."

"நீங்க குடிப்பீங்களா?"

"நானா? மோரு புளிச்சாலே எனக்கு ஆவாது."

"பின்ன எதுக்குங்க ரத்தம் குடுத்தீங்க?"

கிழவர் அந்தக் கேள்வியையே இப்போதுதான் கேட்பதுபோல அவனைப் பார்த்தார். "நீட்டுன்னாங்க, நீட்டுனேன். சர்க்காரு ஆஸ்பத்திரில கைய நீட்டுன்னா நீட்டறதுதான? பரிசோதன பண்ணுனா அவிங்களுக்கே தெரிஞ்சுட்டுப் போவுது."

"தெரிய ரெண்டு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் உங்க வண்டி ஸ்டேசன்ல நிக்குமாம்."

கிழவர் பஞ்சைப் பிடித்த விரலை மட்டும் மாற்றிக்கொண்டார்.

காப்புக் கட்டினவன் என்னென்ன செய்யக்கூடாது என்று அவன் ஊரான மல்லசமுத்திரத்தில் பால்குடி மறந்த பிள்ளைகூடச் சொல்லும். கவுச்சி கூடாது. சவரம் கூடாது. வெளியூரில் ராத்தங்கல் கூடாது. உடம்பில் இருந்து சொட்டு ரத்தம் கீழே விழக்கூடாது. குடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதைப் பேசினாலே வாயைக் கழுவ வேண்டும். அதனால்தான் பண்ணைக்காரர் பங்குனி முழுக்க மணியனைக் கேரளாவுக்கு அனுப்பாமல் சேலம் லோடு மட்டும் கொடுத்திருந்தார். விடிந்ததும் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடலாம்.

அன்றைக்குப் பிரிவு ரோட்டில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். அந்த வாரம் புதிய உத்தரவாம். குடித்தவரைக் கண்டுபிடிக்கிற மெஷினில் ஊதி முப்பதுக்கு மேல் காட்டினால், மறுபேச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுக்க வேண்டும். முட்டை லாரி, கோழித்தீவன லாரி, டி.வி.எஸ்., ஷேர் ஆட்டோ எல்லாம் ஓரங்கட்டி வரிசையில் நின்றன. கண்ணாடி ஏற்றிய கார்களுக்கு ஒரு கான்ஸ்டபிள் கையை வீசி வழி விட்டுக்கொண்டிருந்தார். ஏ.சி. போட்டவன் வாயில் வாசம் வராதுபோல.

கான்ஸ்டபிள் சுகன்யா மெஷினை நீட்டினாள். ஒரே குழல்தான். புதுக் குழல் பாக்கெட் தீர்ந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. ஒருத்தர் ஊதி முடித்ததும் சானிடைசரை விட்டுத் துடைத்து அடுத்தவர் வாயில் வைத்தாள். மணியன் நெஞ்சு நிறைய இழுத்து ஊதினான். மெஷின் கூவியது.

"நாப்பத்தேழு" என்றாள் சுகன்யா. சொல்லிவிட்டு அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான். "சார், இவரு காப்புக் கட்டியிருக்காருங்க சார்."

சப்-இன்ஸ்பெக்டர் வெளி மாவட்டத்துக்காரர். மாற்றலாகி வந்து இன்னும் வாடகை வீடுகூடச் சரியாக அமையவில்லை. "அதனால என்ன? கையில கயிறு கட்டினா வாயில ஊத்த முடியாதா?" என்றார். லைசென்ஸை வாங்கி நம்பரைத் தட்டிப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "பழைய ஆளுதானா நீ? ரெண்டு தடவை மாட்டியிருக்க. இது மூணாவது. இதோட லைசென்ஸ மறந்துரு."

இரண்டு தடவை மாட்டியது உண்மை. அந்த இரண்டு தடவையும் மணியன் மூக்கு முட்டக் குடித்திருந்தான். ஒத்துக்கொண்டான், கட்டச் சொன்ன அபராதத்தைக் கட்டினான், வாயைத் திறக்கவில்லை. அதில் ஒரு நியாயம் இருந்தது. குடியை விட்டு இது மூன்றாவது வருடம். இந்த வருடம்தான் காப்புக் கட்டிக்கொள்ளும் தைரியம் வந்தது. கட்டின அன்றைக்கே ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். "மணியன் காப்புக் கட்டறானாமா? ஒயின் சாப்புக்காரன் பொழப்பு போச்சு போ!" இப்போது இந்தச் செய்தி ஊருக்குள் போனால் அவர்கள் சிரிக்கக்கூட மாட்டார்கள். காறித் துப்புவார்கள். லைசென்ஸ் போனால் சோறு போகும். காப்போடு குடித்தான் என்று பேர் வந்துவிட்டால் எந்தக் கோயில் வாசலில் போய் நிற்பது?

"எட்டாவது ஆள் வாய்யா" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

டாக்டர் கிருத்திகா சின்ன வயதுப் பெண். அன்றைக்குக் காலையில் இருந்து புறநோயாளிகளையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் ஒரு தட்டில் ஏழு ரத்தக் குப்பிகள் சாய்ந்து கிடந்தன.

"சட்டைக் கையை மேல ஏத்துங்கண்ணா."

"வேண்டாமுங்க டாக்டரம்மா."

டாக்டர் நிமிர்ந்தாள். அன்றைக்கு அந்த அறையில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை.

"காப்புக் கட்டியிருக்கறனுங்க. ரத்தம் சிந்தப்படாது. வெள்ளிக்கெழம காப்பு அவுத்தொடனே வாரேன். எத்தன வேணும்னாலும் எடுத்துக்கங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் சாராயம் ரத்தத்துல உட்கார்ந்திருக்குமா? நல்ல ஆளுய்யா!" என்றார் வாசலில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர். "எடுங்க டாக்டர்."

"அவர் வேண்டாங்கறாரே சார்."

"சந்தேகப்பட்ட ஆளு. அவனைக் கேக்கணும்னு என்ன இருக்கு? யப்பா, புடிங்கப்பா."

இரண்டு போலீஸ்காரர்கள் வந்து மணியனின் தோளை அமுக்கினார்கள். ஒருவர் அவன் இடக்கையை இழுத்து மேசை மேல் வைத்து மணிக்கட்டை அழுத்தினார். மணியன் திமிறவில்லை. திமிறினால் அதற்கும் ஒரு கேஸ் என்று தெரியும். "என்ற ஒடம்புங்க இது" என்றான். "என்ற ரத்தமுங்க. குடிக்காதவன் ரத்தமுங்க."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"புடிச்சு வச்சு நான் குத்த மாட்டேன் சார். கைய விடச் சொல்லுங்க."

"மேடம், உத்தரவு."

"உத்தரவு உங்களுக்கு. ஊசி என் கையில இருக்கு."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "சரி. சோதனைக்கு மறுத்தான்னு எழுதிக் குடுங்க. அது போதும் எனக்கு. குடிக்காதவன் எதுக்கு மறுக்கணும்னு ஜட்ஜே கேப்பார்."

டாக்டர் பேனாவை எடுக்கத் தயங்கினாள். அப்போதுதான் சின்னாயி வந்து சேர்ந்தாள்.

பின்னால் வந்த தீவன லாரிக்காரன் பண்ணையில் சொல்லியிருக்கிறான். முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே கிளம்பி டவுன் பஸ் பிடித்து வந்திருந்தாள். தலையில் கட்டிய துண்டும், சேலையில் ஒட்டிய தவிடும் அப்படியே இருந்தன. போலீஸ், டாக்டர் யாரையும் அவள் பார்க்கவில்லை. நேராகப் புருசன் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, குடிச்சீங்களா?"

"மாரியாத்தா மேல சத்தியமா இல்ல புள்ள."

"சத்தியமெல்லாம் நீங்க நெறயப் பண்ணியாச்சு. ஊதுங்க."

"என்ன?"

"என்ற மூஞ்சில ஊதுங்கங்கறேன்!"

மணியன் ஊதினான். சின்னாயி கண்ணை மூடிக்கொண்டாள். வராந்தாவில் இருந்த ஏழு பேரும் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். மாத்திரை வாங்க வந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. அவள் இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். ஊதினான். அவள் கண்ணைத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"கம்மங்கூழும் மோரும்" என்றாள். "குடிக்கலீங்க சார். இவரு குடிக்கல."

"வாசனை புடிச்சு கேஸ் நடத்தச் சொல்றியாம்மா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஏனுங்க, இருவது வருசம் இந்த வாயி ஊத ஊத மோந்து பாத்தவ நானு. கட்டிங்கா குவாட்டரான்னு வாசப்படி தாண்டறதுக்குள்ளயே சொல்லிப்போடுவேன். உங்க மெஷினு நேத்துப் பொறந்தது. அது சொன்னா கேப்பீங்க, நான் சொன்னாக் கேக்க மாட்டீங்களா?"

கூட்டத்தில் யாரோ "அதான!" என்றார்கள். கிழவர் தீர்த்தகிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

மணியன் எழுந்து நின்றான். பெண்டாட்டி நம்பிவிட்டாள் என்றதும் அவனுக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்திருந்தது. யானை பலம் என்று சொல்வார்களே, அது. காப்புக் கட்டிய வலக்கையை சப்-இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேராகத் தூக்கினான்.

"சார், ஒரே ஒரு நாயம். அந்த மெஷின்ல நீங்க ஒருக்கா ஊதுங்க. உங்களுக்குச் சைபரு காட்டுச்சுன்னா, இந்தக் காப்ப நானே இங்கயே அறுத்துப்போட்டுக் கைய நீட்டறேன்."

"ஐயோ, காப்பு மேலயா பந்தயம் கட்டறீங்க!" சின்னாயி அவன் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். "ஆத்தா பொறுப்பாளா?"

"பொறுப்பா புள்ள. உடு."

சுகன்யாவின் முகம் வெளுத்தது. காப்பை இடையில் அறுப்பது என்றால் என்ன என்று அந்த அறையில் சப்-இன்ஸ்பெக்டரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவருக்கு அது ஒரு கயிறு. அதோடு இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊதமாட்டேன் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

"ஊதறதுக்கு என்னய்யா? எனக்கு டீயைத் தவிர ஒரு பழக்கமும் கிடையாது. ஊர் பூராத் தெரியும்" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "சுகன்யா, கொண்டாம்மா. நல்லாத் துடைச்சுக் குடு. கண்டவன் வாய் வச்சது."

சுகன்யா சானிடைசர் பாட்டிலை எடுத்தாள். அழுத்தித் துடைத்தாள்.

"உள்ளயும் ஊத்திக் கழுவும்மா."

உள்ளேயும் ஊற்றிக் கழுவினாள். உதறினாள். நீட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் கன்னம் புடைக்க ஊதினார்.

மெஷின் கூவியது. அன்றைக்கு அதுவரை அது அவ்வளவு சத்தமாகக் கூவியதே இல்லை என்று சுகன்யா பிற்பாடு தன் அம்மாவிடம் சொன்னாள்.

"என்னம்மா, சைபர்தானே?"

சுகன்யா மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிம்மா!"

"அறுபத்திரண்டுங்க சார்."

வராந்தா சிரிப்பில் வெடித்தது. மாத்திரைச் சீட்டோடு நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். ஷேர் ஆட்டோக்காரன் பஞ்சைப் பறக்கவிட்டுவிட்டுக் கையைத் தட்டினான். "டீயில என்னங்க சார் கலந்தாங்க?" என்று கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஒரு குரல். "மெஷின் பொய் சொல்லாதுங்களாமா!" என்று இன்னொரு குரல்.

"ஏய்! சும்மா இருங்கய்யா!" சப்-இன்ஸ்பெக்டருக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது. "இது... மெஷின்ல ஏதோ கோளாறு."

"சார்," என்றாள் சுகன்யா மெதுவாக, "குழல்ல இருக்கற சானிடைசருதான் காட்டுதுங்க சார். சும்மா இருக்கற நேரம் காஞ்சுரும். லைன்ல வண்டி நெறய நிக்கறப்ப ஈரத்தோடயே வச்சுட்டேன்." அவள் குரல் அடங்கியது. "இவங்க எட்டுப் பேரும் ஒரே நேரத்துல வந்தவங்க சார்."

டாக்டர் கிருத்திகா சிரிக்கவில்லை. புது ஊசி ஒன்றைப் பிரித்து எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க சார். எந்தக் கை?"

"என்ன மேடம் இது?"

"முப்பதுக்கு மேல காட்டினா மறுபேச்சில்லாம ரத்தம் எடுக்கணும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க? அறுபத்திரண்டு காட்டுது."

சப்-இன்ஸ்பெக்டர் முழங்கை வரை மடித்திருந்த சட்டைக் கையைச் சரசரவென்று கீழே இறக்கினார். பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"விளையாடறீங்களா? என் சம்மதம் இல்லாம என் ரத்தத்தை எப்படி எடுப்பீங்க?"

"அதத்தானுங்க சார்," என்றான் மணியன், "நானும் அப்பப் புடிச்சு சொல்லிட்டிருக்கறேன்."

இந்தத் தடவை யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். தோளை அமுக்கிய இரண்டு போலீஸ்காரர்களும் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தார்கள். சின்னாயி தன் புருசனைப் பார்த்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் சட்டைப் பையில் இருந்து லாரிச் சாவியையும் லைசென்ஸையும் எடுத்து மேசை மேல் போட்டார். "மெஷின் ரிப்பேர். உன்னை எழுதல. கெளம்பு."

மணியன் சாவியைத் தொடவில்லை.

"மத்தவிங்களதுங்க?"

"அவங்க ரத்தம் குடுத்துட்டாங்க. அது லேப்புக்குப் போகும். ரிசல்ட் வரட்டும்."

"ஒரே மெஷினுங்க. ஒரே குழலுங்க. எனக்கு ரிப்பேருன்னா அவிங்களுக்கும் ரிப்பேருதானுங்க." அவன் போய் வராந்தாப் பெஞ்சில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டான். "ஏழு சாவியும் வந்தாத்தான் நான் எந்திரிப்பேன்."

"உன் லோடு கெட்டுப் போவும்யா!"

"போவட்டுமுங்க."

சின்னாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மாத்திரைக்கு வந்த பெண்கள்கூட இடம் தேடித் தரையில் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருத்தன் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினான். "சார் இன்னொருக்கா ஊதுங்க சார், தெளிவா விழுவல" என்றான் பவ்யமாக.

அதற்கு மேல் சப்-இன்ஸ்பெக்டர் அங்கே நிற்கவில்லை. சுகன்யாவிடம் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் கேட்டைத் தாண்டியதும் சுகன்யா சாவிக் கொத்தோடு வந்தாள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்தாள். தீர்த்தகிரியின் முறை வந்தபோது, "மன்னிச்சுக்கங்கய்யா" என்றாள். கிழவர் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஏழு பேரும் மணியனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஷேர் ஆட்டோக்காரன் அவனை இடுப்போடு தூக்கப் பார்த்தான். "அண்ணா, வியாழக்கெழம உங்க ஊர்ப் பூமிதிக்கு நாங்க அத்தன பேரும் வாரோம். உங்களுக்கு மால எங்களுது!" மணியன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். எதற்கு அழுகிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"கெளம்புங்க, முட்ட குஞ்சு பொரிச்சுப்போடும்" என்று சின்னாயி அவனை இழுத்துக்கொண்டு போனாள். கேபினில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த லாரியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. மணியன் கேட்டைத் தாண்டும்வரை ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. பின்னாலேயே ஆட்டோவும் வண்டிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. திருவிழாவே கிளம்பிப் போவதுபோல இருந்தது.

தீர்த்தகிரி மட்டும் போகவில்லை. சத்தமெல்லாம் அடங்கியதும் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே நர்ஸ் தட்டை எடுத்து, ஏழு குப்பிகளையும் குப்பை வாளிக்குள் இருந்த பைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி," என்றார் கிழவர், "அதுல எது என்ற ரத்தம்?"

நர்ஸ் கையில் இருந்த குப்பியைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததையும் எடுத்துப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் யாரு பேரும் ஒட்டலீங்க தாத்தா" என்றாள் நர்ஸ்.

கிழவர் தலையை ஆட்டினார். சாவி ஒரு கையில் இருந்தது. இன்னொரு கையை மடக்கி, பஞ்சை அமுக்கிப் பிடித்தபடியே படியிறங்கினார். விடலாம் என்று அவரிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.